திருப்பி அனுப்பாத லோரி

போன மாதம் நகர நிர்வாக அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் அதிகாரிகள் மலையூரான பிரிஞ்சாங்கில் இருக்கும் என் மகன் வீட்டுக்கு வந்தார்கள். பழைய அலமாரியைக் காலி செய்தபோது ஒரு கோப்பு கிடைத்ததாம். ஊர்க் குப்பையை உரமாக்கிய கூட்டுத் திட்டத்தின் கோப்பு. அதுபோலவே புதிதாக ஒன்றைத் தொடங்கப்போகிறார்கள். நகரம், தேயிலைத் தோட்டம், பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து. தொடக்க விழாவில் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்துல செஞ்சத நல்லதா நாலு வார்த்த சொன்னா போதும் லா," என்றாள் அவர்களில் ஒரு பெண்.

கோப்பை வாங்கிப் பார்த்தேன். திட்டம் நின்றதற்குக் காரணம் 'தொடர் மழையும் பொதுமக்களின் ஒத்துழைப்பின்மையும்' என்று கடைசித் தாளில் இருந்தது. உடம்பு முடியவில்லை என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன். அந்தக் காரணம் பொய். அது எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை படித்தேன். முதலில் கொழுந்து நிறுக்குமிடத்தில் எடுபிடி, பிறகு எடைக் கணக்கு எழுதும் நிறுவைக் கிராணி. பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையில் வருவார்கள், நான் எடையைச் சொல்லி எழுதுவேன். பத்து வருடம் அப்படிப் போயிற்று. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஊரில் குப்பை பெரிய தொல்லையாகிவிட்டது. ஹோட்டல்கள் பெருகின. திரிங்காப்பிலும் கியா பார்மிலும் காய்கறித் தோட்டங்கள் மலைமேல் ஏறிக்கொண்டே போயின. முட்டைக்கோசின் வெளியிலையும் அழுகிய தக்காளியும் மலைபோல் குவிந்தன. கொட்டுவதற்குச் சமதரை இல்லாத ஊர் இது. எல்லாம் பள்ளத்தாக்கில் போயிற்று. மழை பெய்தால் ஆற்றில் போயிற்று. அப்போதுதான் மூன்று தரப்பும் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. நகரம் லோரியும் மக்கும் குப்பையும் தரும். தோட்டம் இடமும் ஆட்களும் தரும். பல்கலைக்கழகம் வழிமுறை சொல்லித் தரும். ஆகும் உரம் தேயிலைக்கு. மலைப்பகுதியில் இப்படி ஒன்றை யாரும் செய்து பார்த்ததில்லை என்று பேராசிரியர் சொன்னார்.

பழைய தொழிற்சாலை இருந்த சமதரையில் தகரக் கூரை போட்டார்கள். அதற்கு உரக்களம் என்று பெயர். தோட்ட மேலாளரான துரை என்னைக் கூப்பிட்டு, "நடேசன், நீ போய்ப் பாத்துக்க," என்றார். ஆட்களை நானே சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. கொழுந்து பறிக்கிற கை குப்பையைத் தொடுமா? லயத்தில் ஒருவரும் வரவில்லை. கடைசியில் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன். என் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர். கணவர் இறந்து பல வருடம். செல்வி என்று ஒரே மகள், பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முட்டி தேய்ந்து மலையேற முடியாமல் போயிருந்தது. வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த வீட்டையும் விட வேண்டும்.

"டவுன்காரன் தின்னு போட்டத நான் அள்ளணுமா தம்பி? எங்கப்பன் கப்பலேறி வந்தது இதுக்கா?"

"சமதரை அக்கா. தலைக்கு மேல கூரை இருக்கு. ஏறி எறங்க வேணாம். பேரு தோட்டத்து ஆள் கணக்கு செக்ரோல்ல அப்படியே இருக்கும்."

அவர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

"வீடு இருக்கும்ல?"

"இருக்கும்."

மறுநாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது பாக்கியம் அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னும் ஏழு பெண்கள் வந்தார்கள். களத்தில் மற்றவர்கள் முன்னால் என்னைக் கிராணி என்பார். யாரும் இல்லாவிட்டால் தம்பி.

வேலை இதுதான். அடியில் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை ஒரு முழ உயரத்துக்குப் பரப்ப வேண்டும், காற்று நுழைவதற்காக. அதன்மேல் காய்கறிக் கழிவு ஒரு சாண். அதன்மேல் கோழி எரு. அதன்மேல் தொழிற்சாலையில் கழித்த தேயிலைத் தூசி. இப்படியே மாற்றி மாற்றி மார்பு உயரம் வரை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. பல்கலைக்கழகம் கொடுத்த நீள வெப்பமானி இரண்டும் முதல் மாதத்திலேயே உடைந்துவிட்டன. அதன்பிறகு இரும்புக் கம்பிதான். குவியலின் நடுவில் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு உருவினால், கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு இறங்கினால் குவியலைப் புரட்டிப் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் லோரிச் சோதனை. வந்த லோரியின் மேலேறி மூன்று இடத்தில் முள்கரண்டியை ஆழக் குத்திக் கிளற வேண்டும். கண்ணாடியோ தகரமோ டின்னோ ஒன்று தென்பட்டாலும் முழு லோரியையும் திருப்பி அனுப்ப வேண்டும். பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்வது கூடாது. ஒன்று மேலே இருந்தால் அடியில் பத்து இருக்கும் என்பார் இன்ஸ்பெக்டர்.

அவர் பெயர் அருளம்பலம். நகரத்தின் சுகாதார இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சும் அப்படியே. வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. களத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, ஒரு வாய் டீ குடித்தும் பார்த்ததில்லை. வந்ததும் பதிவேட்டைக் கேட்பார். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். ஓரிடத்தில் விரலை வைத்து ஒரு கேள்வி கேட்பார். பிறகு பேசவே மாட்டார். நான் பதில் சொல்லி முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தில் நான் சொல்லாமல் விட்டதும் வெளியே வந்துவிடும். குரலை உயர்த்தியதே இல்லை. பெண்கள் ஒவ்வொருவரின் பெயரும் அவருக்குத் தெரியும். பாக்கியம் அம்மா, சின்னத்தாய் அம்மா என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் யாரும் அவர்களை அம்மா என்று கூப்பிட்டதில்லை.

முதல் மூன்று மாதம் பாதிக்கு மேற்பட்ட லோரிகளைத் திருப்பினேன். நகரத்தில் கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் கடை கடையாக ஏறி இறங்கி, மக்குவதற்கு ஒரு டிரம், மக்காததற்கு ஒரு டிரம் என்று வைக்க வைத்தார். மெல்ல மெல்லச் சுத்தமான லோரிகள் வரத் தொடங்கின. முதல் குவியல் கனிந்தபோது கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. பாக்கியம் அக்கா ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "அட, மழ பேஞ்ச மண்ணு கணக்கா இருக்கு கிராணி!" என்று சிரித்தார். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். என் வேலைக்காலத்தில் அப்படி இருந்தது அப்போது மட்டும்தான்.

கூடை யோசனையும் அப்போதுதான் வந்தது. லோரியிலிருந்து குவியலுக்குக் கழிவைக் கொண்டுபோக ஒற்றைச் சக்கர வண்டிகள் கொடுத்திருந்தார்கள். சேற்றில் சக்கரம் புதைந்தது. எதற்கு இந்த அவஸ்தை, பழகிய கொழுந்துக் கூடையிலேயே முதுகில் சுமந்தால் என்ன என்று நான் சொன்னேன். வேலை இரண்டு மடங்கு வேகமாயிற்று. பேராசிரியர் வந்து பார்த்தார். "இதைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். களத்திலிருந்தே வந்த தீர்வு," என்று எல்லார் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். அறிக்கையிலும் எழுதினார். பெண்களுக்கு முன்பக்கம் கட்டிக்கொள்ள ரப்பர் ஏப்ரன் இருந்தது, கைக்கு உறை இருந்தது. முதுகைப் பற்றிப் பேராசிரியரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அடுத்த வருடம் தலைநகரிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. திட்டம் பிடித்துப்போனால் மற்ற ஊர்களிலும் தொடங்குவார்களாம். முதல் நாள் மாலை இன்ஸ்பெக்டர் வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். போகும்போது குடையை விரித்தபடி சொன்னார்:

"நாளைக்குப் பெரிய ஆக்கள் வருகினம். எண்டாலும் பிழையான லொறி வந்தா அவையளுக்கு முன்னாலயே திருப்பி அனுப்பும். அவையள் பாக்கட்டும். திருப்பி அனுப்புறதாலதான் இந்தக் களம் நிக்குது."

"சரி சார்," என்றேன்.

மறுநாள் விடியும்போதே மழை. வழக்கமாக வரும் இரண்டு லோரிகள் மண்சரிவில் மாட்டி வரவில்லை. புதுக் குவியல் இடுப்பளவுகூட எழும்பவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு வெறும் கூரையைத்தான் காட்ட வேண்டியிருக்கும் என்று தவித்துக்கொண்டிருந்தபோது திரிங்காப்பிலிருந்து ஒரு லோரி ஏறி வந்தது. டிரைவர் மணியம்.

மேலே ஏறி முதல் குத்துக் குத்தினேன். முட்டைக்கோஸ். இரண்டாவதில் முள்கரண்டி எதிலோ உரசி 'ணங்' என்றது. இழுத்துப் பார்த்தேன். நசுங்கிய பால் டின்.

மணியம் கீழேயிருந்து என் முகத்தைப் பார்த்தான். "ஒரு டின்னுதான கிராணி. இந்த மழையில வழுக்கி வழுக்கி ஏறி வந்துருக்கேன். இன்னிக்கு மட்டும் விடுங்க லா."

மூன்றாவது குத்தை நான் குத்தவில்லை. டின்னை எடுத்துப் பள்ளத்தில் வீசினேன். "கொட்டு," என்றேன். பதிவேட்டில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெண்கள் கூடை கூடையாகச் சுமந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் குவியல் மார்பு உயரம் வந்துவிட்டது. பழைய குவியல்களிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அதிகாரிகள் வந்தார்கள், கம்பியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிச் சிரித்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் பின்னால் நின்றார். அன்றைக்கு அவர் பதிவேட்டைக் கேட்கவில்லை.

மாலையில் கூட்டித் தள்ளும்போது குவியலின் ஓரத்தில் இன்னொரு டின் கிடைத்தது. களைக்கொல்லி டின். மூடி இல்லை. அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் வீசினேன். யார் கூடையில் வந்தது என்று நான் கேட்கவில்லை.

பாக்கியம் அக்கா அன்று முழுவதும் நனைந்த முதுகோடு வேலை செய்தார். எல்லாருமே மழையில் நனைந்திருந்தார்கள், அதனால் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் முதுகு எரிகிறது என்றார். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸர், வெந்நீர் பட்ட புண் போலிருக்கிறது என்று களிம்பு கொடுத்தார். அடுத்த நாளும் வேலைக்கு வந்தார். மூன்றாம் நாள் கூடையை மாட்ட முடியாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாரு," என்று திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார்.

கூடை அழுந்தும் இடம் முழுக்கத் தோல் உரிந்திருந்தது. ஓடிப்போய்ப் பள்ளத்தில் இறங்கி அந்த டின்னைத் தேடி எடுத்து டிரஸரிடம் கொண்டுபோனேன். அவர் அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்தார். "இத எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் உடனே எஸ்டேட் வேனைக் கூப்பிட்டார்.

மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்க நான்கு முறை போனேன். புண் ஆறிக்கொண்டு வந்தது, ஆனால் களைக்கொல்லி தோல் வழியே நுரையீரலுக்குப் போய்விட்டதாம், மூச்சு குறைந்துகொண்டே போயிற்று. செல்வி பள்ளிக்கூடச் சீருடையோடு கட்டிலுக்கருகில் உட்கார்ந்திருந்தாள். கடைசி முறை போனபோது அக்காவால் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச முடியவில்லை.

"வீடு... செல்வி பேருக்கு... மாறுமா தம்பி?"

"மாறும் அக்கா. நான் பாத்துக்கறேன்."

பதினெட்டாம் நாள் இறந்துபோனார்.

விசாரணை தோட்டத்து அலுவலகத்தில் நடந்தது. நீள மேசையில் மூன்று தரப்பும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒப்பந்தத்தின் ஒரு பிரதி. குப்பையைச் சோதிப்பது களத்தின் வேலை என்றது நகரம். களம் நகரத்துச் சுகாதாரப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறது என்றது தோட்டம். தாங்கள் வழிமுறையை மட்டும் சொன்னதாகவும், கூடையில் சுமப்பது தங்கள் மூல வரைவில் இல்லை என்றும் சொன்னார் பேராசிரியர். என் கையைக் குலுக்கிய அதே மனிதர். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

கடைசியில் பதிவேட்டைத் திறந்தார்கள். என் கையெழுத்து. துரை என்னைப் பார்த்து, "யார் சொல்லி உள்ள விட்டே?" என்று கேட்டார்.

எனக்கு நான்கு பிள்ளைகள். தோட்டத்து வீடு.

"நான் சொன்னன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் எழுந்து நின்றிருந்தார். "பெரிய ஆக்கள் வாற நாளில ஒரு லொறியும் திருப்பக் கூடாது எண்டு முதல் நாள் பின்னேரம் நான் உத்தரவு போட்டன். இவர் செய்தது அதைத்தான்."

"அப்படியா நடேசன்?" என்றார் துரை.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். எழுத்தர் அதை எழுதிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் அவருக்கு இடமாற்றம் வந்தது, கிழக்குக் கரையில் ஏதோ சின்ன ஊருக்கு. கணக்கு ஒப்படைக்கக் களத்துக்கு வந்தார். பெண்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பதிவேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே குடை விரிக்கும் இடம் வரை நான் பின்னாலேயே போனேன்.

"சார், நான் துரைகிட்டப் போய் உண்மையச் சொல்லிடறேன்."

"சொல்லி என்ன செய்யப் போறீர்? உம்மட வீடு போகும். எனக்கு இடமாற்றம் மட்டும்தான்."

"எனக்காக நீங்க..."

"உமக்காகச் செய்யேல்லை. அப்பிடி நினைச்சு ஆறுதல் அடையாதையும்." குடையை விரித்தார். "நீர் திருப்பி அனுப்புவீர் எண்டு நம்பி அண்டைக்கு நான் பதிவேட்டைப் பாக்கேல்லை. அது என்ர பிழை. அதுக்குத்தான் நான் பொறுப்பெடுத்தன்."

போய்விட்டார். நான் துரையிடம் போகவில்லை.

அதன்பிறகு மூன்று தரப்பும் சேர்ந்து உட்காரவே இல்லை. லோரிகளைச் சோதிக்கச் சொல்ல ஆள் இல்லாததால் டிரம்களில் மறுபடி எல்லாம் கலந்தது. ஆறு மாதத்தில் களத்தை மூடினார்கள். குப்பை பழையபடி பள்ளத்தாக்குக்குப் போயிற்று. செல்வி படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் கூடையோடு கொழுந்து பறிக்க வந்தாள். வேலைக்குப் பெயர் கொடுத்தால்தான் வீடு மாறும். அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். பழையபடி நிறுவைக்கு வந்திருந்தேன். அவள் வரிசையில் வருவாள், எடையைச் சொல்லி எழுதுவேன்.

எண்பதுகளின் நடுவில் நகரத்துக் குப்பைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. ஊருக்குள் வாடகை வீடு பார்த்தேன். தோட்டத்து வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, இனி இழக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. நேராகச் செல்வி வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவதென்று.

அவளுக்குக் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருந்தது. டீ போட்டுக் கொடுத்தாள்.

"செல்வி, ஒங்கம்மா விஷயமா ஒண்ணு..."

"தெரியும் மாமா," என்றாள். "மேல இருக்கறவன் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அம்மா சாகறப்பகூட ஒங்கள ஒரு வார்த்த சொல்லல. வீட்ட மாத்திக் குடுத்ததும் நீங்கதான். எல்லாம் அந்த இன்ஸ்பெக்டரு பண்ணுனது. அம்மா அம்மான்னு வாயால கூப்புட்டே கொன்னுட்டான்." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "வருசா வருசம் மாரியம்மன் கோயில் திருவிழால அவன் பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்துறேன் மாமா. அவன் வீடு வெளங்கக் கூடாது."

டீ சூடாக இருந்தது. ஆறும்வரை காத்திருந்து குடித்தேன். சொல்வதற்கு அத்தனை நேரம் இருந்தது.

"வரேன் செல்வி," என்று எழுந்தேன்.

"அத்தையக் கேட்டதாச் சொல்லுங்க மாமா," என்று வாசல் வரை வந்தாள்.

அந்த வருடத் திருவிழாவுக்கு நான் போகவில்லை. அதன்பிறகு எந்த வருடமும் போகவில்லை. கிழக்குக் கரையில் இன்ஸ்பெக்டர் எத்தனை காலம் இருந்தார், எப்போது இறந்தார், குடும்பம் எங்கே என்று எதுவும் எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.